அமர்ந்திருந்தவர்கள்: செசானின் உருவப்படக் கண்காட்சியை முன்வைத்து



ஓவியத்தைப் பற்றி ஆண்டுக்கு ஒருமுறையாவது பொது அரங்கில் பேச்சு நடக்க வேண்டும் என்று நினைத்து, அதற்காகத் தன் சேமிப்பை ஒதுக்கிவைத்த பெரியவரை நன்றியோடு வணங்குகிறேன். அவர் விரும்பியதும் பேச்சுதான், பாராட்டுரை அல்ல. அதனால் நேராகப் பொருளுக்கு வந்துவிடுகிறேன்.

பால் செசான் என்றதும் நமக்கு ஆப்பிள்கள் நினைவுக்கு வரும். அடுத்தபடியாக சான்த்-விக்த்வார் மலை. அவர் மனிதர்களை வரைந்தார் என்பது பலருக்கு மூன்றாவதாகத்தான் தோன்றும். ஆனால் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட உருவப்படங்களை அவர் வரைந்திருக்கிறார். அவற்றில் 26 அவருடைய சொந்த முகம். 29 அவருடைய மனைவி ஹோர்ட்டென்ஸ் ஃபிகேயின் படங்கள். இந்தப் படங்களை மட்டும் மையமாக வைத்து இந்த அளவில் ஒரு கண்காட்சி 2017இல்தான் நடந்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகம், அக்டோபரில் தொடங்கி 2018 பிப்ரவரி வரை லண்டனில் தேசிய உருவப்படக் காட்சியகம், மார்ச் முதல் ஜூலைத் தொடக்கம் வரை வாஷிங்டனில் தேசிய ஓவியக் காட்சியகம் என்று மூன்று ஊர்களில் அது நடந்தது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய ஜான் எல்டர்ஃபீல்டு முன்னின்று தொகுத்தார். வாஷிங்டனின் மேரி மார்ட்டனும் பாரிஸின் சாவியே ரேயும் உடன் உழைத்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட படங்கள் இடம்பெற்றன. ஊருக்கு ஊர் சில படங்கள் மாறின. ஆகவே நான் இன்று சொல்லப்போகும் படங்கள் எல்லாம் ஒரே கூரையின் கீழ் தொங்கியவை என்று கொள்ள வேண்டாம்.

லண்டனில் அதைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அதுவரை செசானின் உருவப்படங்களைப் பற்றி நான் படித்திருந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே கருத்தைத்தான் வெவ்வேறு விதமாகச் சொல்லின: இந்த மனிதர் முகத்தையும் பழத்தையும் ஒன்றாகத்தான் பார்த்தார், எதிரே இருந்தவரின் உள்ளத்தில் அவருக்கு அக்கறை இல்லை, அவருக்கு வேண்டியதெல்லாம் வடிவமும் நிறமும்தான் என்று. ஒரு படத்தைத் தனியாகப் பார்த்தால் அப்படித் தோன்றக்கூடும். ஒரே ஆளை வரைந்த படங்களை அருகருகே வைத்துப் பார்க்கும்போது அந்தக் கருத்து நிற்கவில்லை. இந்தப் படங்களில் இரண்டு பேரின் உழைப்பு இருக்கிறது. ஒன்று வரைந்தவருடையது. மற்றொன்று நாள்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில், அவர் எதிரே அமர்ந்திருந்தவர்களுடையது. அந்த இரண்டாவது உழைப்பைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

செசான் 1839இல் தென் பிரான்சில் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் என்ற ஊரில் பிறந்தார். தந்தை லூயி ஒகுஸ்த் தொப்பி வியாபாரத்தில் தொடங்கி, 1848இல் கூட்டாளி ஒருவரோடு வங்கி வைத்தவர். மகனைச் சட்டம் படிக்கச் சொன்னார். மகன் படிப்பை விட்டுவிட்டு ஓவியனாவதற்குப் பாரிஸுக்குப் போனான். தந்தை அனுப்பிய மாதப்படியில்தான் பிழைப்பு. இந்தப் பணக் கயிறு கடைசிவரை இந்தக் கதையில் வரும், அதனால் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

1866ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்திலும் அதையொட்டிய மாதங்களிலும் அவர் தன் தாய்மாமன் தொமினிக் ஒபேரைத் திரும்பத் திரும்ப வரைந்தார். மாமா நீதிமன்ற அமீனா. மருமகன் கேட்டதற்காகத் தலைப்பாகை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், வழக்கறிஞர் அங்கி அணிந்திருக்கிறார், துறவியின் வெள்ளை உடை போட்டுக் கைகளை மார்பின் மீது மடித்துக்கொண்டிருக்கிறார். தினமும் பிற்பகலில் மாமாவின் படம் ஒன்று புதிதாக முளைக்கிறது என்று நண்பர் வலாப்ரேக் அப்போது செசானின் இன்னொரு நண்பரான எழுத்தாளர் ஜோலாவுக்குக் கடிதம் எழுதினார். தான் ஒரே ஒரு நாள் மட்டும் உட்கார்ந்ததோடு தப்பித்ததில் அவருக்கு மகிழ்ச்சி. செசான் வரைந்த வலாப்ரேக்கின் படத்தைத்தான் அந்த ஆண்டு அரசுக் கண்காட்சியான சலோன் நிராகரித்திருந்தது. கத்தியால் மட்டுமல்ல, துப்பாக்கியாலும் வரைந்திருக்கிறான் என்று தேர்வுக் குழுவில் ஒருவர் கேலி பேசினாராம்.

கத்தி என்றது உண்மை. தூரிகையை ஒதுக்கிவிட்டு, வண்ணம் குழைக்கும் கத்தியாலேயே கெட்டியான வண்ணத்தை அப்பி வரைந்த படங்கள் இவை. மாமாவின் கன்னம் எலும்பின் மீது தசை இருப்பதுபோல அடுக்கடுக்காக ஏறியிருக்கிறது. வேகமாக வரையப்பட்டவை, ஒரு பிற்பகலில் முடிந்தவையும் அவற்றில் இருக்கும். ஆனால் மாமா அத்தனை பிற்பகலும் வந்தார். சலோனும் ஏற்காத, யாரும் விலைக்கு வாங்காத, ஊர் சிரித்த ஓர் இளைஞனுக்காக ஒரு நடுத்தர வயது அரசு ஊழியர் வேடம் கட்டி அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். நவீன ஓவியத்தின் வரலாற்றில் இந்த மாமாவுக்கு ஒரு வரி கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எனக்கு அது சரியாகப் படவில்லை. பிற்காலத்துச் செசானை அசையாத மனிதர்கள்தான் உருவாக்கினார்கள் என்றால், அந்த வரிசையில் முதல் ஆள் இவர்.

அதே 1866இல் தந்தையையும் வரைந்தார். வாஷிங்டனில் இருக்கும் அந்தப் படம் ஏறத்தாழ 2 மீட்டர் உயரம். சிம்மாசனம் போன்ற பெரிய நாற்காலியில் தந்தை செய்தித்தாள் வாசிக்கிறார். தாளின் பெயர் நமக்குத் தெளிவாகத் தெரிகிறது: லெவெனிமா. வழக்கமாக வேறு தாள் வாசிக்கும் மனிதர் அவர். அந்த ஆண்டு லெவெனிமாவில்தான் ஜோலா புதிய ஓவியர்களை ஆதரித்துக் கட்டுரை எழுதி வம்பில் மாட்டியிருந்தார். ஆக, தந்தையின் கையில் மகனின் நண்பன் எழுதிய தாள். தந்தையின் தலைக்குப் பின்னால் சுவரில் ஒரு சின்னப் படம் தொங்குகிறது: சர்க்கரைக் கிண்ணமும் பேரிக்காய்களும் நீலக் கோப்பையும். அதுவும் மகன் வரைந்ததுதான். மகனின் உலகத்தை ஏற்காதவரை அந்த உலகத்துக்கு நடுவே உட்காரவைத்துவிட்டான் மகன். இதில் பழிவாங்கல் இருப்பதாகச் சிலர் எழுதியிருக்கிறார்கள். எனக்குத் தெரிவது ஏக்கம். அந்தத் தாளைப் பிடித்திருக்கும் விரல்களை எவ்வளவு கவனத்தோடு வரைந்திருக்கிறார் என்று பார்த்தால் பழிவாங்கல் என்ற சொல் வாயில் வராது.

இனி ஹோர்ட்டென்ஸ். இந்தச் சொற்பொழிவின் பெரும்பகுதி அவருக்கே உரியது.

மரி ஹோர்ட்டென்ஸ் ஃபிகே 1850இல் ஜூரா பகுதியில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். பாரிஸில் புத்தகம் கட்டும் வேலை பார்த்தவர். 1869 வாக்கில் செசானோடு பழக்கம். 1872 ஜனவரியில் மகன் பிறந்தான். அவனுக்கும் பால் என்றே பெயர். வங்கிக்காரத் தந்தைக்கு இது எதுவும் தெரியாது. தெரிந்தால் மாதப்படி நின்றுவிடும் என்று செசான் பயந்தார். ஒரு பெண்ணையும் குழந்தையையும் ஆண்டுக்கணக்கில் தந்தையிடமிருந்து மறைத்து வைத்திருந்தார். ஹோர்ட்டென்ஸ் ஓர் ஊரில், செசான் பெற்றோர் வீட்டில், நடுவில் ரயில் பயணம் என்று ஓடியது வாழ்க்கை. 1878இல் விக்டர் ஷோக்கே என்ற அன்பான சேகரிப்பாளர் செசானுக்கு எழுதிய கடிதத்தைத் தந்தை பிரித்துப் படித்துவிட்டார். மனைவியையும் குழந்தையையும் ஷோக்கே அதில் விசாரித்திருந்தார். மாதப்படி 100 ஃபிராங்காகக் குறைந்தது. ஜோலா மாதம் 60 ஃபிராங்க் ஹோர்ட்டென்ஸுக்கு அனுப்பிக் கைகொடுத்தார். திருமணம் 1886 ஏப்ரலில்தான் நடந்தது. மகனுக்கு அப்போது 14 வயது. அதே ஆண்டு அக்டோபரில் தந்தை இறந்தார்.

இந்தப் பின்னணியை வைத்துக்கொண்டு ஹோர்ட்டென்ஸின் படங்களை எப்படிப் படித்தார்கள் தெரியுமா? முகத்தில் சிரிப்பில்லை, ஆகவே கடுகடுப்பான பெண். கண்ணில் அன்பில்லை, ஆகவே தோற்றுப்போன திருமணம். செசானின் நண்பர்கள் ஹோர்ட்டென்ஸுக்கு இழிவான பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். பிற்கால விமர்சகர்களும் அதையே வேறு சொற்களில் தொடர்ந்தார்கள். அவர் பக்கத்திலிருந்து எழுதப்பட்ட சான்று மிகக் குறைவு என்பதால், படங்களையே அவருக்கு எதிரான சாட்சியாக நிறுத்தினார்கள். ஒரு பெண்ணின் முகம் சிரிக்கவில்லை என்பதற்காக நூறாண்டுகள் அவரைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தது கலை வரலாறு. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. அதை நான் மறைக்க விரும்பவில்லை.

பாஸ்டனில் இருக்கும் ஒரு படத்தைக் கிட்டப்போய்ப் பார்ப்போம். சிவப்பு நாற்காலியில் திருமதி செசான், 1877 வாக்கில் வரைந்தது. அகலம் இரண்டடிகூட இல்லை. நாற்காலி அடர்ந்த சிவப்பு. அவருடைய உடம்பைச் சுற்றி ஒரு மாடம் போல எழும்பி நிற்கிறது. சுவரில் பச்சை கலந்த மஞ்சள் தாள், அதில் இங்கொன்றும் அங்கொன்றுமாக நீலக் கோலங்கள். நீலம் கலந்த மேல்சட்டை, கழுத்தில் பெரிய முடிச்சு. கீழே கோடு போட்ட பாவாடை. அந்தக் கோடுகளைப் பாருங்கள். பச்சை, சாம்பல், மங்கிய மஞ்சள் என்று ஒவ்வொரு கோடும் சின்னச்சின்னக் கட்டமாகத் துண்டுபட்டு, ஒவ்வொரு கட்டமும் அடுத்ததிலிருந்து ஒரு நூலளவு மாறி விழுந்திருக்கிறது. துணியின் மடிப்பு எதையும் அவர் நிழலால் காட்டவில்லை. நிறம் மாறும் இடத்தில் மடிப்பு தானாக வந்துவிடுகிறது. பிறகு முகத்துக்கு வாருங்கள். கன்னத்தின் ஓரத்தில் பச்சை. சுவரின் பச்சை கன்னத்துக்கு வந்திருக்கிறது. நாற்காலியின் சிவப்பு கன்னத்தின் நடுவில். இப்போது கைகள். விரல்கள் கோத்து மடியில் கிடக்கின்றன. இவ்வளவு நிறங்களும் மோதிக்கொள்ளும் இடத்தில் நடுவே அந்தக் கைகள்தான் ஒரு முடிச்சுப்போல எல்லாவற்றையும் பிடித்துவைத்திருக்கின்றன.

செசான் இறந்த மறு ஆண்டு, 1907இல், பாரிஸில் நடந்த நினைவுக் கண்காட்சியில் ஜெர்மன் மொழிக் கவிஞர் ரில்கே இந்தப் படத்தின் முன்னால் பலமுறை போய் நின்றார். கண்காட்சி முடிந்த அன்றைக்குத் தன் மனைவி கிளாராவுக்கு இதைப் பற்றியே நீண்ட கடிதம் எழுதினார். படத்தின் ஒவ்வொரு இடமும் மற்ற எல்லா இடங்களையும் அறிந்திருப்பதாக அவருக்குத் தோன்றியது. அவர் அந்தப் பெண்ணின் மனநிலையைப் பற்றி எதுவும் யூகிக்கவில்லை. அதற்காகவே ரில்கேயின் மீது எனக்கு மரியாதை.

சுவரின் பச்சை கன்னத்தில் எப்போது தெரியும்? ஒரு முகத்தை ஐந்து நிமிடம் பார்த்தால் தெரியாது. அசையாத ஒரு முகத்தை, அதே வெளிச்சத்தில், அதே நாற்காலியில், நாளுக்கு நாள் பார்த்தால்தான் தெரியும். சிரிப்பை அப்படி நாள்கணக்கில் பிடித்து வைத்திருக்க முடியாது. கோபத்தையும் முடியாது. மணிக்கணக்கில் உட்காரும் மனிதரின் முகத்திலிருந்து, பிறருக்காகப் போட்டுக்கொள்ளும் பாவனைகள் எல்லாம் ஒவ்வொன்றாக இறங்கிப்போகும். மிஞ்சுவது யாருக்கும் எதையும் காட்டவேண்டிய தேவையில்லாத ஒரு முகம். அதைக் கடுகடுப்பு என்று படித்தது படித்தவர்களின் அவசரம். ஹோர்ட்டென்ஸ் செசானின் முன்னால் பாவனை இல்லாமல் இருந்தார். செசான் அந்த முகத்தின் மீது எந்தப் பாவனையையும் ஏற்றவில்லை. கணவன் மனைவிக்கிடையே இது சாதாரண விஷயமா?

அவர் எப்போதும் சும்மா உட்கார்ந்திருந்தார் என்றும் நினைக்க வேண்டாம். ஸ்டாக்ஹோமில் இருக்கும் ஒரு படத்தில் துணி தைத்துக்கொண்டிருக்கிறார். கண் தையலில் இருக்கிறது. பிலடெல்ஃபியாவில் இருக்கும் படத்தில் கூந்தல் அவிழ்ந்து தோளில் கிடக்கிறது. தலை லேசாகச் சாய்ந்து, பார்வை நம்மை விட்டு விலகியிருக்கிறது. அந்த ஒரு படத்தைப் பார்த்திருந்தாலே போதும், இந்தப் பெண்ணின் மீது வீசப்பட்ட சொற்களில் பாதி எழுதப்பட்டிருக்காது.

1888க்கும் 1890க்கும் இடையில் பாரிஸில் சேன் நதியின் தீவில் ஒரு வீட்டில் அவர்கள் குடியிருந்தபோது, சிவப்பு உடையில் ஹோர்ட்டென்ஸை நான்கு முறை வரைந்தார். அவை இன்று நியூயார்க்கிலும் சிகாகோவிலும் சுவிட்சர்லாந்தின் பாசலை ஒட்டிய பெய்லர் காட்சியகத்திலும் பிரேசிலின் சாவோ பாலோவிலும் இருக்கின்றன. மூன்று கண்டங்கள். ஒரே உடை, ஒரே பெண், ஆனால் நான்கு முகம். சிகாகோ படத்தில் மஞ்சள் நாற்காலி, முகம் முட்டை வடிவில் இறுகி நிற்கிறது. நியூயார்க் படத்தில் எல்லாமே சாய்கிறது: நாற்காலி ஒருபக்கம், உடம்பு ஒருபக்கம், வலப்புறம் கனத்த திரை, இடப்புறம் கணப்பின் இடுக்கி. ஓவியம் கற்கும் மாணவர் ஒருவர் அப்படி வரைந்தால் ஆசிரியர் திருத்தியிருப்பார். ஆனால் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால், சாயும் அறைக்குள் அவர் மட்டும் விழாமல் இருக்கிறார் என்பது புலப்படும். கையில் ஒரு பூ. உடம்பை எங்கே நிறுத்துவது என்று தேடித்தேடி, அவரை மையமாக்கி அறையையே மாற்றிக் கட்டியிருக்கிறார் செசான்.

இதற்காகத்தான் பெரிய கண்காட்சிகள் வேண்டும் என்கிறேன். ஒரே நபரின் இணைப் படங்களையும் மறுவடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது இந்தக் கண்காட்சியின் அடிப்படைத் திட்டமாக இருந்தது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2014இல் ஹோர்ட்டென்ஸின் படங்களை மட்டும் திரட்டிக் காட்டியபோதே இந்த வேலை தொடங்கிவிட்டது. ஒரு படத்தைப் பார்ப்பவர் ஹோர்ட்டென்ஸ் இப்படிப்பட்டவர் என்று முடிவு கட்டுவார். ஐந்தாறு படங்களைப் பார்ப்பவரால் அந்த முடிவைக் கட்டவே முடியாது. ஒரு படத்தில் சிறுமி, அடுத்ததில் மூத்தவர். ஒன்றில் மூக்கு நீளம், அடுத்ததில் இல்லை. இருபது ஆண்டுகள் பார்த்த பிறகும் இவள் இன்னார் என்று எனக்குத் தெரியும் என்று செசான் சொல்லவில்லை. அந்தத் தயக்கத்தைத்தான் நான் மரியாதை என்கிறேன்.

மற்ற படங்களில் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிப் போகிறேன். தன்னுருவப்படங்கள் அற்புதமானவை. கோபன்ஹேகனிலிருந்து வந்த, உருண்டைத் தொப்பி அணிந்த செசான் தோளுக்கு மேலாகத் திரும்பி நம்மைப் பார்க்கும் பார்வையை மறக்க முடியாது. ஆனால் அங்கே அமர்பவரும் வரைபவரும் ஒருவரே என்பதால் இன்றைய பொருளுக்குச் சற்று வெளியே நிற்கின்றன. சலோன் அவரை வாழ்நாளில் ஒரே ஒருமுறை, 1882இல் ஏற்றது. அப்போது தொங்கியதும் ஓர் உருவப்படம்தான். சிவப்பு மேலங்கிச் சிறுவன் என்ற படங்களில் இருப்பவன் இத்தாலிய இளைஞன், மிக்கேலாஞ்சலோ தி ரோசா என்று பெயர், கூலிக்கு அமர்ந்த மாடல். அவனையும் எண்ணெய் வண்ணத்தில் நான்கு முறை வரைந்தார். அதில் சூரிச் நகரத்தில் இருந்த ஒன்று 2008இல் துப்பாக்கி முனையில் கொள்ளைபோய் 2012இல் பெல்கிரேடில் கிடைத்தது.

செசானைப் பற்றி எல்லோரும் சொல்லும் ஓர் ஆப்பிள் கதை உண்டு, அதற்கு இப்போது வருகிறேன். அது அம்ப்ருவாஸ் வொலார் சொன்னது. 1895இல் பாரிஸில் செசானுக்கு முதல் தனிக் கண்காட்சி நடத்திய ஓவிய வணிகர் அவர். 1899இல் அவரைச் செசான் வரைந்தார். காலையில் தொடங்கி உச்சிக்கு முன் முடியும் அமர்வுகள். ஆட்டம் காணும் ஒரு பெட்டியின் மீது நாற்காலி போடப்பட்டிருந்தது. வொலாருக்குத் தூக்கம் வந்து, நாற்காலியோடு கீழே விழுந்துவிட்டார். ஆப்பிள் அசையுமா, நீ மட்டும் ஏன் அசைகிறாய் என்ற பொருளில் செசான் கடிந்துகொண்டார் என்று வொலார் தன் நூலில் எழுதுகிறார். மொத்தம் 115 அமர்வுகள் என்றும் கணக்குச் சொல்கிறார். வொலார் கதை சொல்வதில் கெட்டிக்காரர். கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருக்கலாம். ஆனாலும் அந்தப் படத்தின் வண்ண அடுக்குகளைப் பார்த்தால் நீண்ட காலம் ஆகியிருக்கிறது என்பதில் சந்தேகமில்லை.

அந்தக் கதையை எல்லோரும் செசானின் கல்நெஞ்சுக்குச் சான்றாகச் சொல்வார்கள். நான் அதைப் புரட்டிப் பார்க்கச் சொல்கிறேன். ஆப்பிள் அழுகிவிடும். பூ வாடிவிடும், அதனால் செசான் காகிதப் பூக்களை வைத்துக்கூட வரைந்தார். மனிதர் மட்டும்தான் மறுநாளும் வந்து அதே இடத்தில் உட்கார முடியும். கீழே விழுந்த பிறகும் வொலார் வந்தார். தூக்கம் வராமல் இருக்க அமர்வுக்கு முன் கறுப்புக் காப்பி குடித்துவிட்டு வந்ததாக அவரே எழுதுகிறார். ஒரு வணிகருக்குக் காலை நேரம் எவ்வளவு பெறும் என்று நமக்குத் தெரியும். அதைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்.

பாரிஸின் பெட்டி பலே அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தப் படத்தில், வலது கையின் விரல் மூட்டருகே இரண்டு இடங்களில் வண்ணம் படவில்லை. கித்தான் அப்படியே தெரிகிறது. வொலார் அதைச் சுட்டிக்காட்டியபோது, லூவ்ரில் தான் செய்துவரும் பயிற்சி நன்றாக அமைந்தால் நாளைக்கு அந்த இடத்துக்குச் சரியான நிறம் கிடைக்கலாம், இப்போது எதையாவது வைத்தால் அந்த இடத்திலிருந்து தொடங்கிப் படம் முழுவதையும் திரும்ப வரைய வேண்டியிருக்கும் என்று செசான் விளக்கம் சொன்னாராம். வாசலில் கோலம் போடுபவர்களுக்கு இது உடனே புரியும். ஒரு புள்ளி தப்பினால் அந்தப் புள்ளி மட்டும் தப்புவதில்லை. 115 அமர்வுக்குப் பிறகு செசான் வேலையை நிறுத்தினார். சட்டையின் முன்பக்கம் ஓரளவு திருப்தி என்றார். அந்த வெள்ளைச் சட்டையை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளை என்று அதில் எதுவும் இல்லை. நீலமும் பழுப்பும் சாம்பலும் இளஞ்சிவப்பும் சேர்ந்து வெள்ளையாகத் தெரிகின்றன.

இதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் விமர்சகர் குஸ்தாவ் ஜெஃப்ருவாவின் படம். செசானை ஆதரித்து எழுதிய சிலரில் ஒருவர். அவர் வீட்டிலேயே, புத்தக அலமாரி பின்னணியில், சுமார் மூன்று மாதம் ஏறத்தாழ அன்றாடம் அமர்வு நடந்தது. மேசையில் திறந்த புத்தகங்கள் விசிறிபோலக் கிடக்கின்றன; அலமாரியில் நூல்களின் முதுகுகள் ஆரஞ்சும் மஞ்சளும் நீலமுமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. எல்லாம் அடர்த்தியாகக் கட்டப்பட்ட அந்தப் படத்தில் முகமும் கைகளும் மட்டும் முடியவில்லை. 1895 ஜூனில் ஆள் அனுப்பித் தன் சாமான்களைத் திருப்பிக் கேட்டார் செசான். ஜெஃப்ருவா வற்புறுத்தியதால் இன்னும் ஒரு வாரம் வந்து முயன்றார். பிறகு ஊருக்குப் போய்விட்டார். புத்தகத்தை முடிக்க முடிந்தவருக்கு முகத்தை முடிக்க முடியவில்லை. இரண்டும் அவருக்கு ஒன்றே என்றால், ஏன் முகத்தில் வந்து கை நின்றது? பழமும் முகமும் ஒன்று என்ற வாதத்துக்கு இந்தப் படமே போதுமான மறுப்பு.

1895 வாக்கிலேயே வரைந்த இன்னொரு படம் ஓர்சேயில் இருக்கிறது. காப்பிக் குடுவைக்கு அருகே ஒரு பெண். பெயர் தெரியாது, குடும்பத்தின் ழா த பூஃபான் பண்ணை வீட்டில் வேலை செய்தவராக இருக்கலாம் என்கிறார்கள். நீல உடை. நேராக நம்மை நோக்கி, கோபுரம்போல நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து மேசையில் உயரமான குடுவையும் ஒரு கோப்பையும். கோப்பைக்குள் கரண்டி செங்குத்தாக நிற்கிறது. மடியில் கைகள் பெரியவை, வேலை பார்த்துத் தடித்தவை. அவற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்திருக்கிறார். அந்தக் கைகளுக்கு ஓய்வு பழக்கமில்லை. தந்தைக்குக் கொடுத்ததுபோலவே பெரிய கித்தானும் நேர்நிலையும் இந்தப் பணிப்பெண்ணுக்கும் கிடைத்திருக்கின்றன. ஐரோப்பாவில் அதுவரை உருவப்படம் என்பது பெரும்பாலும் செலவு செய்யக்கூடியவர்களின் சொத்து. செசான் தந்தையின் சொத்தில் வாழ்ந்ததால் பணம் கொடுப்பவருக்காக முகம் வரையும் கட்டாயம் அவருக்கு இருக்கவில்லை. வங்கியின் பணம் இந்தப் பெண்ணை உட்காரவைத்தது என்றுகூடச் சொல்லலாம். தந்தைக்கு அது தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

கடைசிக் காலத்துக்கு வருகிறேன். 1899இல் ழா த பூஃபான் விற்கப்பட்டது. ஹோர்ட்டென்ஸும் மகனும் பெரும்பாலும் பாரிஸில் இருந்தார்கள். எக்ஸ் நகருக்கு வெளியே லே லோவ் மேட்டில் செசான் தன் ஓவியக்கூடத்தைக் கட்டி, 1902 முதல் அங்கே வேலை செய்தார். அங்கு தோட்டக்காரராக இருந்தவர் வல்லியே. வயதானவர், செசானுக்கு உதவியாளரும்கூட. சர்க்கரை நோயால் தளர்ந்திருந்த ஓவியரும் முதிய தோட்டக்காரரும் அந்த மேட்டில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

வல்லியேயின் படங்களில் இரண்டைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். வாஷிங்டனில் இருப்பது இருண்டது. வண்ணத்தின் மீது வண்ணம் ஏறி, அடுப்புச் சுவரைப்போலக் கருத்துக் கெட்டித்திருக்கிறது. இருட்டுக்குள்ளிருந்து தாடியும் கைகளும் மட்டும் மெல்ல வெளிவருகின்றன. லண்டனில் டேட் காட்சியகத்தில் இருப்பது அதற்கு நேரெதிர். வெளியே, தோட்டத்தில், வைக்கோல் தொப்பியோடு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். வண்ணம் நீர்போல மெல்லியது. ஓரங்களில் கித்தான் வெளித்தெரிகிறது. சட்டையில் பச்சை, கால்சட்டையில் நீலம், தரையில் மஞ்சள், எதுவும் எதனோடும் முழுதாக மூடிக்கொள்ளவில்லை. முகத்தில் கண் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. ஆனால் அந்த மனிதரின் கனம், அவர் நாற்காலியில் இறங்கி அமர்ந்திருக்கும் விதம், வெயிலில் வேலை செய்து பழகிய உடம்பு நிழலில் அமரும்போது வரும் தளர்ச்சி, எல்லாம் இருக்கின்றன. ஒரே மனிதர் ஒரு படத்தில் பாறை, இன்னொன்றில் காற்று. செசான் மனிதர்களை ஒரே மாதிரிப் பார்த்தார் என்பவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்த்திருக்க மாட்டார்கள்.

1906 அக்டோபர் 15ஆம் தேதி வெளியில் வரைந்துகொண்டிருந்தபோது புயல்மழை பிடித்துக்கொண்டது. செசான் மயங்கி விழுந்தார். சலவைக்காரர் வண்டி ஒன்றில் அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மறுநாள் காலையில் எழுந்து தோட்டத்துக்குப் போனார். அங்கிருந்த லிண்டன் மரத்தின் நிழலில் வல்லியேயின் படம் ஒன்றைத் தொடர்ந்தார். திரும்பி வந்தபோது நிலைமை முற்றிவிட்டது. இதைத் தங்கை மரி பாரிஸில் இருந்த மகனுக்கு எழுதிய கடிதம் சொல்கிறது. அடுத்த வாரம் இறந்துபோனார். ஹோர்ட்டென்ஸும் மகனும் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆக, செசான் கடைசியாகத் தூரிகையோடு பார்த்தவற்றில் ஒரு மனித முகம் இருந்தது. அன்றைக்கு மழைக்குப் பின் அந்தக் குளிரில், மயங்கி விழுந்த மறுநாளே வந்த முதியவருக்காக மற்றொரு முதியவரும் வெளியே உட்கார்ந்திருந்தார் என்பதை நாம் கணக்கில் சேர்க்க வேண்டும். வல்லியே அன்று வராமல் இருந்திருக்கலாம். வந்தார்.

2018 ஜூலையில் கண்காட்சி முடிந்து படங்கள் அவரவர் ஊருக்குத் திரும்பிவிட்டன. அடுத்து எப்போது சேரும் என்று சொல்ல முடியாது. காப்பீட்டுச் செலவும் பயண ஆபத்தும் ஏறிக்கொண்டே போகின்றன. சாவோ பாலோவின் சிவப்பு உடையும் சிகாகோவின் சிவப்பு உடையும் மறுபடி பக்கத்தில் நிற்பதை நம்மில் பலர் பார்க்கப்போவதில்லை. ஆனால் இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களில் சிலர் மேற்படிப்புக்கோ வேலைக்கோ பாரிஸுக்கும் லண்டனுக்கும் வாஷிங்டனுக்கும் போவீர்கள். பெட்டி பலேயில் வொலாரின் படம் இருக்கும் நிரந்தரத் தொகுப்பைப் பார்க்கக் கட்டணமில்லை. லண்டனின் டேட்டிலும் தேசிய ஓவியக் காட்சியகத்திலும் வாஷிங்டனிலும் அப்படித்தான். போகும்போது ஒரு காலை நேரத்தை ஒரே படத்துக்கு ஒதுக்குங்கள். முகத்தில் தொடங்க வேண்டாம். முகத்தைப் பார்த்ததும் இவர் எப்படிப்பட்டவர் என்ற யூகம் நமக்குள் ஓடத் தொடங்கிவிடும். கைகளிலிருந்து தொடங்குங்கள். ஹோர்ட்டென்ஸின் கோத்த விரல்கள், பணிப்பெண்ணின் தடித்த கைகள், வொலாரின் மூட்டில் வண்ணம் படாத அந்த இரண்டு இடங்கள். பிறகு நாற்காலி, பிறகு சுவர், பிறகு முகம். படம் எடுத்துக்கொள்ளும் தொலைபேசியை அரை மணி நேரம் பைக்குள் வைத்திருங்கள்.